தோனி பேட் ஒன்று ₹72 லட்சம், இன்னொன்று ₹13 லட்சம்: 'மேட்ச்சில் ஆடியதுதான்' என்று எப்படி நிரூபிக்கிறார்கள்?

"தோனி ஆடின ஒரிஜினல் பேட். கையெழுத்தும் இருக்கு. அவசரத்துக்கு விக்கிறோம்." பேரையூரிலோ டி.கல்லுப்பட்டியிலோ இருக்கும் ஒரு ரசிகரின் வாட்ஸ்அப்புக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்தால்? பேட் ஒரிஜினலாகவே இருக்கலாம், கையெழுத்தும் அவருடையதாகவே இருக்கலாம். ஆனால் விலையைத் தீர்மானிப்பது இரண்டுமே இல்லை. அந்த பேட் எந்த மேட்ச்சில் இறங்கியது என்பதுதான் கேள்வி.

2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோனி 91 ரன் அடித்து, குலசேகரா பந்தை சிக்ஸருக்குத் தூக்கி முடித்த பேட், அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் நடந்த அறக்கட்டளை ஏலத்தில் 1 லட்சம் பவுண்டுக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் ₹72 லட்சம். 2024 ஆகஸ்டில் கே.எல்.ராகுல் - அதியா ஷெட்டி தம்பதி நடத்திய நிதி திரட்டும் ஏலத்தில் தோனியின் வேறொரு பேட் ₹13 லட்சத்துக்குப் போனது. அதே ஏலத்தில் கோலியின் ஜெர்சிக்கு ₹40 லட்சம் கிடைத்தது. ஆள் ஒருவர்தான், பேட்டும் அவருடையதுதான். நடுவில் 13 ஆண்டுகள் போயும் விலை ஐந்தில் ஒரு பங்குதான். அந்த ஒரு சிக்ஸரின் விலை அவ்வளவு!

மூன்று வகை பேட்

சேகரிப்பாளர்கள் பார்க்கும் முதல் விஷயம் இது. கடையில் வாங்கி வீரரிடம் கையெழுத்து மட்டும் வாங்கியது ஒரு வகை. கம்பெனி வீரருக்காகவே செய்து கொடுத்தும் மைதானத்துக்குள் வராமல் கிட் பேக்கிலேயே கிடந்தது இன்னொரு வகை. மூன்றாவது, நிஜமாகவே மேட்ச்சில் ஆடியது. ஒரு பேட்ஸ்மேன் ஒரு தொடருக்கு நான்கைந்து பேட் கொண்டுபோவது சாதாரணம். அதனால் இரண்டாவது வகையை மூன்றாவது என்று சொல்லி விற்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய தில்லுமுல்லு.

பேட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பவே கூடாது. ஒரு கம்பெனி செய்த பேட்டில் ஸ்பான்சர் கம்பெனியின் ஸ்டிக்கரை ஒட்டி ஆடுவது கிரிக்கெட்டில் ஊரறிந்த ரகசியம். நம்பக்கூடியது மரம். வில்லோ மரத்தில் ஓடும் ரேகைகள் ஒரு பேட்டில் இருப்பதுபோல இன்னொன்றில் இருக்காது, கைரேகை மாதிரி. மேட்ச் அன்று எடுத்த குளோசப் படத்தில் தெரியும் ரேகை, விளிம்பு விரிசல், பந்து பட்ட சிவப்புத் தடம், டேப் சுற்றிய விதம் எல்லாம் கையில் இருக்கும் பேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். இதைப் போட்டோ மேட்சிங் என்கிறார்கள்.

சட்டை அதே சட்டை, விலை 25 மடங்கு

இந்த முறையின் பலத்தைக் காட்டியது பேஸ்பால் உலகம். அமெரிக்கர்களுக்கு பேப் ரூத் என்றால் கிரிக்கெட்டில் பிராட்மேன் மாதிரி. 1932 உலகத் தொடரில் அவர் கையை நீட்டிக் காட்டிவிட்டு ஹோம் ரன் அடித்ததாகச் சொல்லப்படும் ஆட்டத்தின் ஜெர்சி, 2024 ஆகஸ்டில் 2.41 கோடி டாலருக்கு, அதாவது சுமார் ₹200 கோடிக்கு ஏலம் போனது. அதே ஜெர்சி 2005-ல் விற்றது 9.4 லட்சம் டாலருக்குத்தான். பிறகு எழுத்துகள் தைக்கப்பட்டிருக்கும் இடத்தை அந்த ஆட்டத்தின் பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களோடு ஒப்பிட்டு, 'அன்று போட்டிருந்தது இதுதான்' என்று நிபுணர்கள் சான்று கொடுத்தார்கள். அவர் உண்மையிலேயே கையைக் காட்டினாரா என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை!

படம் கிடைக்காத பழைய காலத்துப் பொருளுக்கு? பேஸ்பாலில் ஒரு வசதி உண்டு. அந்தக் கால வீரர்கள் உடைந்த பேட்டையோ பிடித்த பேட்டையோ 'லூயிவில் ஸ்லக்கர்' தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பி, இதேபோல் இன்னொன்று கேட்பார்கள். ஊழியர்கள் அந்த மரத்தின் மேலேயே வீரர் பெயரையும் வந்த தேதியையும் எழுதி வைப்பார்கள். அந்தக் கிறுக்கல்தான் இன்று பெரிய அத்தாட்சி.

கையெழுத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. 1990-களில் எஃப்.பி.ஐ. போலி கையெழுத்துக் கும்பல்களை வளைத்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட சிக்கியது! 2001-ல் தொடங்கிய திட்டத்தின்படி அமெரிக்க மேஜர் லீக்கில் இப்போது பார்வையாளர் ஒருவர் மைதானத்திலேயே நின்று, ஆட்டம் நடக்கும்போதே பந்திலும் பேட்டிலும் எண் போட்ட ஹோலோகிராம் ஒட்டுகிறார். இவர்களில் பலர் முன்னாள் போலீஸ்காரர்கள்.

கைமாறிய கதையும் ஆவணம்தான்

பிராட்மேன் 1947-48-ல் இந்தியாவுக்கு எதிராக அணிந்த பச்சைத் தொப்பி 2024 டிசம்பரில் சிட்னியில் கட்டணங்களோடு சேர்த்து 4,79,700 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. நம் பணத்தில் ₹2.6 கோடிக்கும் மேல். வெயிலில் வெளுத்து, பூச்சி அரித்த தொப்பி அது. ஆனால் அன்றைய இந்திய அணி மேலாளர் பங்கஜ் குப்தாவுக்கு பிராட்மேனே பரிசாகக் கொடுத்தார் என்ற வரலாறு கூடவே வந்தது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலி அறுந்தால் விலையும் அறுந்துவிடும்.

நம்ம ஊர்ப் பொருட்கள் எங்கே?

வருத்தமான பகுதி இதுதான். ஹாக்கி ஜாம்பவான் பல்பீர் சிங் சீனியர், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் மட்டும் 5 கோல் அடித்தவர். மியூசியம் அமைக்கப்போகிறோம் என்றதை நம்பி 1985-ல் தன் 36 பதக்கங்கள், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் கேப்டனாக அணிந்த பிளேசர், நூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படங்களை இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். 2012 லண்டன் ஒலிம்பிக் கண்காட்சிக்காகத் தேடியபோதுதான் அவை காணாமல்போனது தெரிந்தது. குடும்பம் பல வருடம் அலைந்தது. 2020 மே 25-ல் அவர் காலமானார். அதுவரை அவை வந்து சேரவில்லை. போலிகளைக் கண்டுபிடிக்க இத்தனை நிபுணர்கள் இருக்கும் உலகத்தில், அசல் என்று சந்தேகமே இல்லாத பொருட்கள் இப்படிப் போயின.

புனேவில் உள்ள 'பிளேட்ஸ் ஆஃப் குளோரி' கிரிக்கெட் மியூசியம் மாதிரி தனியார் முயற்சிகள் சில உண்டு. கொரோனா நிவாரணத்துக்காக பாகிஸ்தான் வீரர் அசார் அலி ஏலம் விட்ட முச்சத பேட்டை வாங்கியது அவர்கள்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா ஆடிய ஹாக்கி ஸ்டிக்கோ, பெரியப்பா மாவட்ட அணிக்கு ஆடிய பேட்டோ கிடக்கலாம். பாலிஷ் போட்டுவிடாதீர்கள்; அழுக்கும் கீறலும்தான் சாட்சி. யார், எப்போது, எந்த மேட்ச் என்று வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, பழைய படம் இருந்தால் சேர்த்து வையுங்கள். பள்ளிக்கோ மியூசியத்துக்கோ கொடுப்பதென்றால் ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, பட்டியல் போட்டு, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த 'தோனி பேட்'டுக்கும் இதே கணக்குதான். எந்த மேட்ச், படம் எங்கே, உங்களுக்கு யார் கொடுத்தார்கள், பில் தருவீர்களா? பில் போட்டு வாங்கிய பொருள் போலி என்று தெரிந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஏமாற்றியது தெளிவாக இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் போலீஸில் புகாரும் கொடுக்கலாம். ஜிபேயில் பணம் அனுப்பியதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் இவை, அனுப்பிய பிறகு அல்ல.