எரிச்சலுக்கு மூன்று வருடம்!

என்னைத் திட்டி வாரத்துக்குப் பத்து மெயிலாவது வரும். சிலர் என் அம்மாவையும் விட்டுவைப்பதில்லை. படித்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்காக, பிடித்து உள்ளே போடுங்கள் என்று போலீஸுக்குப் போக முடியுமா?

ஒரு காலத்தில் போயிருக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. எரிச்சலூட்டுவதற்காக மெயில் அனுப்பினாலே மூன்று வருடம் வரை ஜெயில்! 2012 நவம்பரில் பால் தாக்கரே இறந்ததும் மும்பை கடையடைத்தது. இது எதற்கு என்று ஃபேஸ்புக்கில் கேட்டார் ஓர் இளம்பெண். தோழி அதற்கு 'லைக்' போட்டார். இருவரையும் பால்கர் போலீஸ் கைது செய்தது. எழுதிய பெண்ணின் மாமா நடத்திய ஆஸ்பத்திரியை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. அதற்கு முந்தைய மாதம் புதுச்சேரியில், மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய சிறு வியாபாரியை விடிகாலையில் தூக்கினார்கள். அவர் எழுதுவதைப் பின்தொடர்ந்தவர்கள் மொத்தம் 16 பேராம்.

2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 66ஏ-வைக் குப்பையில் போட்டது. நீதிபதி நாரிமன் கோடு கிழித்தே காட்டினார். விவாதிக்கலாம், ஒரு கருத்துக்காக வாதாடலாம், எவ்வளவு கசந்தாலும் சரி. அது தூண்டிவிடுவதாக மாறும் இடத்தில்தான் சட்டம் கை வைக்கலாம்.

'அப்போ எதை வேண்டுமானாலும் எழுதலாமா சார்?' என்பீர்கள். கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று ஊர் கூடி அடித்தே கொன்றது. வட மாநிலத்திலிருந்து கடத்தல் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் அதற்கு முன்பே சுற்றிக்கொண்டிருந்தது. இந்தி பேசுகிறவன் என்றாலே சந்தேகப்படும் புத்தி நமக்கு இல்லாவிட்டால் அந்தப் பொய் அவ்வளவு தூரம் ஓடியிருக்குமா? ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று கம்பெனி விழித்துக்கொண்டது ஜூலையில். அதற்குள் மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேரை இதே வதந்தி தின்றுவிட்டது.

நான் பி.காம். படித்தவன். எந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் அங்கே முதல் பாடம். அமைச்சர் வீட்டுப் பிள்ளையின் எரிச்சலையும், ஒரு கிழவியின் உயிரையும் ஒரே கணக்கில் எழுதி, 'இணையத்துக்குக் கடிவாளம் போடு' என்கிறவர்களை நம்பாதீர்கள். கடிவாளம் கையில் கிடைத்ததும் அவர்கள் முதலில் இழுப்பது உங்கள் வாயைத்தான்.

செத்த 66ஏ-வில் 2021-லும் போலீஸ் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்து உச்ச நீதிமன்றமே அதிர்ந்துபோனது. யார் மீதும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தாதே என்று 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. ஸ்டேஷன் அலமாரியில் இருக்கும் பழைய சட்டப் புத்தகத்தை யாராவது எடைக்குப் போட்டால் தேவலை.