ஒரு வாத்தும் இரண்டு குளங்களும்

மேண்டரின் வாத்து படத்தை இதுவரை பார்க்காதவர்கள் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் தாடி, ஊதா மார்பு, முதுகில் பாய்மரம் மாதிரி தூக்கி நிற்கும் இரண்டு இறகுகள். ஏதோ ஒரு குழந்தை பெட்டியில் இருந்த எல்லா கலரையும் தீர்த்துவிட்ட மாதிரி இருக்கும். (இதெல்லாம் ஆணுக்கு மட்டும்தான். பெண் வாத்து பாவம், சாம்பலும் பழுப்பும்தான்!) சொந்த ஊர் சீனா, ஜப்பான், கொரியா, ரஷ்யாவின் கிழக்குப் பகுதி.

2018 அக்டோபரில் இப்படி ஒரு ஆண் வாத்து நியூயார்க் சென்ட்ரல் பார்க் குளத்தில் நீந்திக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், ஊரே கேமராவோடு கிளம்பிவிட்டது. பத்திரிகை, டிவி, ட்விட்டர் எல்லாவற்றிலும் அதுதான் பேச்சு. ஆனால் படங்களை உற்றுப் பார்த்தால் அதன் காலில் ஒரு வளையம் தெரியும். பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையோ 'எங்கள் வாத்து இல்லை' என்று சொல்லிவிட்டது. யாரோ வளர்த்த வாத்து தப்பி வந்திருக்கலாம் என்பதுதான் பலருடைய கணிப்பு. 2019 மார்ச்சுக்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்தது அசாம். தின்சுகியா மாவட்டத்தில், திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவை ஒட்டி மகுரி-மோட்டாபுங் என்ற பெரிய நீர்நிலை இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அங்கே ஒரு மேண்டரின் வந்து இறங்கியது. அந்தப் பகுதியில் அதற்கு முந்தைய பதிவு 1902-இல்! நூறு வருஷத்துக்கும் மேல். அங்கேயும் கேமராக்கள் குவிந்தன.

ஆனால் அதே இடத்தில் ஒன்பது மாதம் முன்பு என்ன நடந்தது தெரியுமா? 2020 மே 27 அன்று அருகில் உள்ள பாக்ஜானில் எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்துக் கிளம்பியது. ஜூன் 9-ஆம் தேதி தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். நீர்நிலையில் எண்ணெய் படர்ந்தது. கிணற்றை அடக்க நவம்பர் ஆகிவிட்டது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. 'அபூர்வ வாத்தே வந்துவிட்டது, அப்படியானால் குளம் பழையபடி ஆகிவிட்டது' என்று நினைக்கத் தோன்றும். என்னைக் கேட்டால் அது ஆபத்தான நினைப்பு. வழி தவறி வந்த ஒற்றை வாத்து குளத்துக்கு நற்சான்றிதழ் தராது. அது நாளைக்கே பறந்துவிடும். குளத்தின் நிலைமையைச் சொல்வது வருஷா வருஷம் கூட்டமாக வரும் சாதாரண வாத்துகள்தான். ஊசிவால் வாத்து, சீழ்க்கைச் சிறகி, புள்ளிமூக்கு வாத்து... போன வருஷம் எத்தனை வந்தது, இந்த வருஷம் எத்தனை? அந்தக் கணக்குதான் முக்கியம். ஆனால் இவற்றைப் படமெடுக்க யாரும் முண்டியடிப்பதில்லை.

அதற்காக அபூர்வப் பறவையைப் படமெடுக்காதே என்று சொல்லவில்லை. நியூயார்க் வாத்தால் எத்தனையோ பேர் முதல்முறையாக ஒரு குளத்தங்கரையில் நின்றார்கள், அது நல்லதுதான். ஆனால் எடுக்கிற படம் அழகோடு நின்றுவிடக் கூடாது. கால் தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள். வளையம் இருந்தால் அது ஒரு தடயம். தேதி, இடம் எழுதி வையுங்கள். கூட நீந்தும் மற்ற வாத்துகளையும் எண்ணுங்கள். குளத்தையும் எடுங்கள், கரையில் கிடக்கும் குப்பையோடு சேர்த்து! நல்ல படம் வேண்டும் என்று வாத்தைத் துரத்தாதீர்கள்.

1987-இலிருந்து ஜனவரிதோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்கள்தான் எண்ணுகிறார்கள். நம் தமிழ்நாட்டு ஏரிகளும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஏரிக்கு மேண்டரின் வராமலே போகலாம். பரவாயில்லை, புள்ளிமூக்கு வாத்து இருக்கிறதே. அது வராமல் போகும் வருஷம்தான் நமக்கு உண்மையான செய்தி. அதை அன்றைக்குக் கவனிக்க வேண்டுமென்றால் இன்றைக்கே எண்ணத் தொடங்க வேண்டும்.