பெண் நல்ல நிறமா?



பெண் பார்க்க வருவோர் பல வீடுகளில் முதலில் கேட்பது நிறத்தைத்தான். தொழுகையைப் பற்றிய கேள்வி பிறகு வருகிறது. சில இடங்களில் வருவதே இல்லை. இந்தக் கேள்விக்கு அஞ்சியே நம் பிள்ளைகள் ஊர்பேர் தெரியாத சிவப்பழகுக் களிம்புகளைப் பூசுகின்றனர்.

2023-ஆம் ஆண்டு கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் கசியும் நோயுடன் வந்தோரில் பலர் இத்தகைய களிம்புகளைப் பூசியவர்கள் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். காரணம், அவற்றில் கலந்திருந்த பாதரசம். அது தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கிறது. முகம் வெளுப்பது அதனால்தான். அதே பாதரசம் தோல்வழியே குருதியில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது.

பாதரசம் சேர்த்த அழகுப்பொருள்களுக்கு இந்தியாவில் தடை உண்டு. ஆயினும் அவை உறவினர் கொண்டுவரும் பெட்டிகளிலும் இணையக் கடைகளிலும் வந்துசேர்கின்றன.

நிறங்களின் வேறுபாட்டைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் சூரா அர்ரூமில் கூறுகின்றான். பிலால் (ரலி) அவர்களின் சிறப்பைப் பயானில் கேட்டுக் கண் கலங்கிவிட்டு, கறுத்த மருமகள் வேண்டாம் என்கிறோமே, இது என்ன நியாயம்? பிள்ளைகளைக் கடிவதற்குமுன் பெரியவர்களாகிய நாம் வெட்கப்பட வேண்டும்.

வீட்டிலுள்ள டப்பாவை இன்றே எடுத்துப் பாருங்கள். உட்பொருள் பட்டியல் இல்லையென்றாலும், அதில் மெர்குரி, கலோமெல் என்றிருந்தாலும் பூசாதீர்கள். ஏற்கெனவே பூசியவருக்குச் சிறுநீர் நுரைத்தாலோ கால் வீங்கினாலோ, அந்த டப்பாவுடனேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.