கடிநாய் எண்டு ஒரு சாதி இல்லை

“நல்ல சாதி நாய். ரண்டு வயசு. வீட்டில சின்னப்பிள்ளை இருக்கிறதால குடுக்கிறம்.” இந்த மாதிரிப் பதிவுகளை நீங்களும் பேஸ்புக்கில கண்டிருப்பீங்கள். கீழ நாலு அழுகை முகம், “எவ்வளவு?” எண்டு ஒருத்தர். கொஞ்சம் தோண்டிக் கேட்டால்தான் விசயம் வரும்: சைக்கிளைக் கண்டால் பாயுது, வாற ஆக்களைப் பாத்துக் குலைக்குது, ஒருக்கா தபால்காரரின்ர காற்சட்டையைப் பிடிச்சிட்டுது. பதிவு போடுறவை ஓரளவு நாகரிகமான ஆக்கள். மற்றவை ஒரு பின்னேரம் ஓட்டோவில ஏத்திக்கொண்டுபோய்ச் சந்தையடியில இறக்கி விட்டிட்டு வருவினம். கேட்டால் ரண்டு பக்கமும் ஒரே பதில்தான்: “வேற வழியில்லை.”

வழி இருந்தது. ஒருத்தரும் தேடேல்லை.

ஒரு குட்டி பிறந்து 3ஆம் கிழமையில இருந்து ஏறத்தாழ 14ஆம் கிழமை வரைக்கும்தான், எதுக்குப் பயப்படத் தேவையில்லை எண்டு சுலபமாப் படிக்கிற காலம். குடை, ஹெல்மெட், மீன்காரரின்ர ஹோர்ன், வெள்ளைச் சட்டையோட ஓடிற பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாம் அப்பதான் அதுக்குப் பழக்கமாக வேணும். நாங்கள் என்ன செய்யிறம்? கோடிப்பக்கம் கட்டி வைக்கிறம். ஆக்களோட பழகினால் காவலுக்கு உதவாதாம். ஆறு மாசத்தில அது படலையடியில நிண்டு குலைச்சால் “கெட்டிக்காரன்” எண்டு தட்டிக் குடுக்கிறம். ரண்டு வயசில அதே குலைப்புக்கு விறகுக்கட்டையால அடி. நாய் இதில எதை விளங்கிக்கொள்ள வேணும்?

இப்படிப் பாயிற நாய்களில் பெரும்பாலானவை வீரத்தில பாயிறேல்லை. பயத்தில “கிட்ட வராத” எண்டு கத்துதுகள். தபால்காரர் கடிதத்தைப் போட்டிட்டுப் போறார். நாய்க்கோ, தான் குலைச்சபடியால்தான் அவர் போனவர் எண்டு கணக்கு. ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்குச் சரிவருது. சங்கிலியில கிடந்தால் இன்னும் மோசம், பயந்தாலும் விலகிப்போக இடமில்லை. உறுமினதுக்கு அடிச்சால் உறுமல் நிக்கும், பயம் நிக்காது. பிறகு ஒருநாள் “திடீரெண்டு கடிச்சிட்டுது” எண்டு சொல்லுவினம். எச்சரிக்கையை அடிச்சு நிப்பாட்டினது ஆர்?

நான் இதில பெரிய யோக்கியர் இல்லை. ஏ.எல் படிக்கேக்க எங்கட வீட்டு நாயை இப்பிடித்தான் குடுத்தம். ஓட்டோவுக்குள்ள அது ஏற மாட்டனெண்டு நிண்டது. நான் கூப்பிட்டவுடன ஏறிட்டுது. வாங்கின ஆளிட்ட அது பாயிற கதையை நாங்கள் சொல்லவும் இல்லை.

இப்ப இருக்கிற மணிக்கும் அதே பிரச்சினை. இந்த முறை செய்து பாத்தம். சைக்கிள் நாற்பது அடி தள்ளிப் போனால் அவன் காதை நிமிர்த்துவான், ஆனால் சாப்பிடுவான். இருபது அடியில சாப்பாடும் தெரியாது, நானும் தெரியாது. அப்ப நாற்பதில தொடங்கினம். சைக்கிள் தெரிஞ்சவுடன அவிச்ச கோழி ஈரல், மறைஞ்சவுடன ஈரல் நிக்கும். ஒழுங்கு மாறக்கூடாது. பின்னேரத்தில பத்து நிமிசம், அவ்வளவுதான். பாவ்லோவின்ர நாயைச் சோதினைக்குப் பாடமாக்கி எழுதின எங்கள் எத்தினை பேருக்கு, வீட்டில நிக்கிறதும் நாய்தான் எண்டு தோன்றினது? மூண்டு மாசத்தில பதினைஞ்சு அடிக்கு வந்திட்டம். இடையில ஒருநாள் பின்னால ஹோர்ன் அடிச்சு எல்லாம் கெட்டு, திரும்ப நாற்பதுக்குப் போனம். ஹெல்மெட் போட்ட ஆக்களை இன்னும் அவனுக்குப் பிடிக்காது.

பழக்கிறவைக்குக் குடுக்கக் காசில்லை எண்டுவினம். ஈரலுக்கு எவ்வளவு வரும்? ஓட்டோவுக்குக் குடுக்க மட்டும் காசிருக்கு. மிருகங்களைக் கொடுமைப்படுத்துறதுக்கு எதிரான 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வைச்ச தண்டம் உச்சமா 100 ரூபாய். அந்தக் காசுக்கு இண்டைக்குச் சந்தையடி மட்டும் ஓட்டோவும் வராது.

சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டில, ஏற்கெனவே ஆழமாக் கடிச்ச நாயோட ஈரல் பரிசோதனை செய்யச் சொல்லி நான் சொல்லேல்லை. அங்க பிள்ளைதான் முதல். இடையில வேலி, வெளியில வாய்க்கூடு, உடன மிருக வைத்தியர். சில நேரம் வேற வீடுதான் சரியான முடிவாகவும் இருக்கும். ஆனால் அந்த வீட்டுக்கு முழுக்கதையையும் சொல்லிக் குடுங்கோ. மறைச்சுக் குடுத்தால் கடியை மற்றவன்ர பிள்ளைக்குக் கைமாத்திறீங்கள். சந்தையடியில விட்டால் இன்னும் மோசம்: பயந்த நாய், அடுத்த விசர்நாய்த் தடுப்பூசி எப்ப எண்டு பாக்க ஆளில்லை, சுத்திவர சனம்.

95இல இடம்பெயரேக்க அம்மம்மா ஆக்கள் தங்கட நாயை அவிட்டுவிட்டிட்டுத்தான் வெளிக்கிட்டவை. அந்தக் கதை வந்தால் இண்டைக்கும் அம்மம்மா எழும்பி அடுப்படிக்குப் போயிடுவா. “வேற வழியில்லை” எண்டு சொல்ல அவவுக்கு உரிமை இருக்கு.

இந்தக் கிழமை பதிவு போட யோசிக்கிறவை அதுக்கு முதல் ஒரு வேலை செய்யுங்கோ. கொஞ்ச ஈரலை அவிச்செடுத்து, நாயைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கைக்குத் தள்ளி வளவுக்குள்ள நில்லுங்கோ. சைக்கிள் போகேக்க எத்தினை அடியில உங்கட நாய் சாப்பிடுது எண்டு எண்ணுங்கோ.