பெயர் உள்ள காணியும் நம்பர் போட்ட மலையும்

யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயம், மிளகாய், புகையிலை போடுகிற காணி. நமக்குத் தோட்டம் என்றால் கம்பனி குத்தகைக்கு எடுத்த மலை. அங்கே துண்டுக் காணிக்கும் பெயர் இருக்கிறது. இங்கே மலைக்கு நம்பர்தான் இருக்கிறது.

பெயரா சோறு போடும் என்று கேட்பவர்கள் குடாநாட்டுக் காணி உறுதி ஒன்றை வாசித்துப் பார்க்கட்டும். காணியின் பெயர், எத்தனை பரப்பு, நாலு எல்லையிலும் யார், கிணற்றில் என்ன பங்கு, போய்வர எது வழி என்று அதில் எழுதியிருக்கும். 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர் தங்கள் வரிக்காகத்தான் தோம்பு எழுதினார்கள். ஆனால் ஏட்டில் ஏறிய பெயர் பிறகு சனங்களின் உரிமைக்குச் சாட்சியானது.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். மயிலிட்டி, பலாலிப் பக்கத்தில் பல காணிகளுக்குள் 25 வருடங்களுக்கு மேல் போக முடியவில்லை. திரும்பி வந்த பலருக்கு வீடும் இல்லை, வேலியும் இல்லை. பற்றைக்குள் எல்லை தேட உறுதியும் பழைய கிணறும் பெரியவர்களின் ஞாபகமுமே உதவின.

பெயர் நிலத்தின் குணத்தையும் சொல்லும். கொக்குவில், இணுவில், கோண்டாவில் என்ற பெயர்களில் உள்ள ‘வில்’ நீர்நிலையைக் குறிக்கும். கலட்டி என்றால் கல்நிலம். தரவை என்றால் மாடு மேயும் வெளி. பேராசிரியர் இ. பாலசுந்தரம் போன்றவர்கள் ஈழத்து இடப்பெயர்களை ஆராய்ந்து நூலாக்கியிருக்கிறார்கள்.

நம் மலைகளை யார் எழுதுவது? மேட்டு லயம், பழைய ஸ்டோர், பீலிக்கரை, கோயில் மலை என்று நாம் வைத்த பெயர்கள் நம் வாயில் மட்டுமே வாழ்கின்றன. எந்த மலையில் ஊற்று உடையும், எந்தச் சரிவு முன்பு இறங்கியது என்பதும் வயதானவர்களுக்குத்தான் தெரியும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த அறிவு ஏட்டில் ஏறாவிட்டால் அவர்களோடே போய்விடும்.

நமக்குப் பேசப்பட்டது 7 பேர்ச்சஸ் காணி. யாழ்ப்பாணத்து மேட்டுக்காணியில் ஒரு பரப்பே 10 பேர்ச்சஸ். அந்தச் சிறு துண்டையும் நம்பராக மட்டும் வாங்க வேண்டாம். உறுதியில் இடத்தின் பெயர், எல்லை, பாதை, தண்ணீர் உரிமை எல்லாம் எழுதப்பட வேண்டும் என்று கேட்போம்.

அப்படிக் கேட்பதற்கு முன் நம் கையில் ஒரு பதிவு வேண்டும். ஒவ்வொரு டிவிசனிலும் தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் ஒரு கொப்பியைத் திறக்கட்டும். ஓய்வுபெற்ற தொழிலாளர்களைக் கேட்டு லயம், ஓடை, ஊற்று, கோயில், மயானம், குறுக்குப்பாதை எல்லாவற்றையும் பிள்ளைகள் எழுதட்டும், படம் போடட்டும். ஒரு பிரதி சங்கத்திலும் இன்னொன்று பாடசாலையிலும் இருக்கட்டும். நாளை காணி அளக்க வருபவர்களின் முன்னால் அந்தக் கொப்பியோடு நிற்போம்.