செல்போன் வெளிச்சத்தால் முகம் கருக்குமா? ‘ப்ளூ லைட்’ கிரீம் விளம்பரங்கள் சொல்லாத விஷயம்!

‘நைட்டு பூரா போன் பார்த்தா முகம் கருத்துப் போகும்’, ‘லேப்டாப் வெளிச்சத்தால் சீக்கிரம் சுருக்கம் வரும்’, ‘ஸ்கிரீன் நீல ஒளி வெயிலைவிட மோசம்’... ரீல்ஸ், யூடியூப் என எதைத் திறந்தாலும் இப்படி ஒரு வீடியோ கண்ணில் படுகிறது. பல வீடியோக்களின் கடைசியில் ஒரு கிரீமோ சீரமோ எட்டிப் பார்க்கும். டப்பா மேல் ‘ப்ளூ லைட் புரொடெக்‌ஷன்’ என்று பெரிதாக எழுதியிருக்கும்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. நீல ஒளி தோலைக் கருக்க வைக்கும். அதுவும் வெள்ளைத் தோலைவிட நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலில்தான் அதன் வேலை அதிகம். ஆனால், அந்த அளவு நீல ஒளி நம் முகத்தில் விழுவது போனில் இருந்தா? இந்தக் கேள்விக்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம்.

நீல ஒளி என்றால் என்ன?

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். அதில் 400 முதல் 500 வரை உள்ள பகுதிதான் ஊதாவும் நீலமும். 400-க்குக் கீழே போனால் புற ஊதாக் கதிர், அதாவது ‘யூவி’. சன்ஸ்கிரீன் விளம்பரங்களில் வரும் வில்லன் இந்த யூவிதான். நீல ஒளி அதற்கு அடுத்த வீட்டுக்காரர்.

போன், லேப்டாப் பக்கம் சந்தேகம் திரும்பியதற்கும் காரணம் உண்டு. இன்றைய எல்சிடி ஸ்கிரீன்கள் பலவற்றின் பின்னால் எரிவது வெள்ளை எல்இடி. அந்த வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது ஒரு நீல எல்இடிதான். மேலே பூசிய பாஸ்பர் பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. நீல எல்இடியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, ஸ்கிரீனில் நீல ஒளி இருப்பது நிஜம். எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் கதையே மாறுகிறது.

நம்ம ஊர் தோலுக்கு ஏன் இது முக்கியம்?

தோல் வெயிலை எப்படித் தாங்குகிறது என்பதை வைத்து டாக்டர்கள் அதை 1 முதல் 6 வரை வகை பிரிப்பார்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் என்று பெயர். எளிதில் சிவந்து எரியும் வெளிர் தோல் 1, நல்ல கருநிறம் 6. தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் 4-க்கும் 6-க்கும் இடையில் வருவார்கள்.

2010-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை டாக்டர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 4 முதல் 6 வரையிலான தோல் வகை உள்ளவர்கள் மீது கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பாய்ச்சியபோது தோல் கருத்தது. யூவி-ஏ கதிரால் வந்த கருமையைவிட இது அடர்த்தியாகவும் இருந்தது, அதிக நாள் நீடிக்கவும் செய்தது. இதே ஒளி பட்ட 2-ம் வகை வெளிர் தோலில் எதுவும் நடக்கவில்லை.

அடுத்து பிரான்ஸின் நீஸ் நகரம். அங்குள்ள தோல் மருத்துவ ஆய்வாளர்கள், ஒளியில் எந்த நிறம் இதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். 2014-ல் வந்த முடிவு: 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியால் ஒன்றும் ஆகவில்லை. 415 நானோமீட்டர் நீல-ஊதா ஒளி பட்ட இடம் கருத்து, 3 மாதம் வரைகூட அந்தத் தடம் போகவில்லை.

2018-ல் காரணமும் தெரிந்தது. தோலில் மெலனின் நிறமியைத் தயாரிக்கும் செல்களில் ‘ஆப்சின்-3’ என்ற புரதம் இருக்கிறது. நீல ஒளி வந்தால் அதை உணர்ந்து ‘நிறமி தயாரி’ என்று சிக்னல் கொடுப்பது அதுதான். கண்ணில் ஒளியை உணரும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஒருவகையில் தோலுக்கும் கொஞ்சம் பார்வை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதனால் அதிகம் பாதிக்கப்படுவது மங்கு உள்ளவர்கள். கன்னம், நெற்றி, மேல் உதடு, மூக்கின் மேல் பழுப்புப் படலமாக வருமே, அதுதான் மங்கு. டாக்டர்கள் மெலாஸ்மா என்பார்கள். பெண்களுக்குத்தான் அதிகம் வரும். கர்ப்ப காலம், கருத்தடை மாத்திரை, குடும்ப வழி எனப் பல காரணங்கள் இருந்தாலும், அதைக் கிளறிவிட்டுக்கொண்டே இருப்பது வெளிச்சம். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் ‘என்ன முகம் இப்படி ஆயிடுச்சு?’ என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கும்போது வரும் வேதனை சாதாரணமானது இல்லை. ப்ளூ லைட் கிரீம் விளம்பரம் குறிவைப்பதும் இந்த இடத்தைத்தான்.

போன் வெளிச்சம் எவ்வளவு?

இங்கேதான் விளம்பரம் சொல்லாத விஷயம் வருகிறது. மேலே சொன்ன ஆய்வுகளில் பயன்படுத்தியது தோலுக்கு அருகில் வைத்த சக்தி வாய்ந்த விளக்குகள். கையில் இருக்கும் போன் அந்த ரகம் கிடையாது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். உச்சி வெயிலில் வெளியே நின்றால் மேலே விழும் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ். போனை முழு பிரைட்னஸில், முகத்தில் இருந்து ஓர் அடி தூரத்தில் வைத்தாலும் முகத்தில் விழுவது சில பத்து லக்ஸ்தான். தாராளமாக 100 என்றே வைப்போம். அப்போதும் வெயில் 1,000 மடங்கு அதிகம். 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம் போன் பார்த்தால் முகத்துக்குக் கிடைக்கும் ஒளி, அரை நிமிட வெயிலுக்குச் சமம். ஸ்கிரீன் ஒளியில் நீலத்தின் பங்கு கூடுதல் என்று சொல்லி அதை இரட்டிப்பாக்கினாலும் ஒரு நிமிடம்.

டீ குடிக்க ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய்வர ஆகும் நேரம்கூட அதைவிட அதிகம்.

நேரடியாகவே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். நீல ஒளியின் குற்றத்தை நிரூபித்த அதே நீஸ் நகர ஆய்வாளர்கள், மங்கு உள்ள 12 பேரைக் கம்ப்யூட்டர் ஸ்கிரீன் வெளிச்சத்துக்கு உட்படுத்தினார்கள். 20 சென்டிமீட்டர் தூரம், தினமும் 8 மணி நேரம், 5 நாள். சாதாரணமாக யாரும் அவ்வளவு பக்கத்தில் உட்கார மாட்டார்கள். 2020-ல் வெளியான முடிவு: மங்கு மோசமாகவில்லை. 12 பேர், 5 நாள் என்பது சின்ன ஆய்வுதான். ஆனால் மேலே போட்ட ஒளிக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் முடிவில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அப்போ ‘நீல ஒளியால் வயதாகும்’ என்ற செய்திகள்? அவற்றில் பல அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் இருந்து கிளம்பியவை. 2019-ல் வந்த அந்த ஆய்வில், தினமும் 12 மணி நேரம் நீல எல்இடி வெளிச்சத்தில் வளர்ந்தவை சீக்கிரம் இறந்துபோயின. எவை என்று கேட்கிறீர்களா? பழ ஈக்கள். ஈக்கள் மீது பட்ட வெளிச்சம், மனிதர்கள் மீது ஸ்கிரீனில் இருந்து படுவதைவிட வலுவானது என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு எழுதியவர்கள் அதுவரை படிக்கவில்லை போல.

நீல ஒளி என்றாலே விஷம் என்றும் நினைக்க வேண்டாம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால், கண்ணை மூடிவிட்டு நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பார்கள். தோல் வழியாக இறங்கும் அந்த ஒளி, மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபினை உடலை விட்டு வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. முகப்பருவுக்கும் நீல ஒளி சிகிச்சை உண்டு. எல்லாம் அளவில்தான் இருக்கிறது.

முதலில் கண்ணாடி, இப்போது கிரீம்

இந்த வியாபாரம் கண்ணில்தான் ஆரம்பித்தது. ‘ப்ளூ கட்’ கண்ணாடி பலர் வீட்டில் இருக்கும். பிரிட்டனில் பூட்ஸ் ஆப்டிஷியன்ஸ் நிறுவனம், நீல ஒளி விழித்திரையைக் கெடுக்கும் என்று பயமுறுத்தும் வகையில் செய்த விளம்பரத்துக்காக, அந்நாட்டுக் கண் மருத்துவ ஒழுங்குமுறை அமைப்பு 2017-ல் 40,000 பவுண்ட் அபராதம் போட்டது. 17 ஆய்வுகளை அலசி 2023-ல் வெளியான காக்ரேன் தொகுப்பும், கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வை இந்தக் கண்ணாடிகள் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொன்னது.

பிறகு 2020-ல் கொரோனா ஊரடங்கு. எல்லோரும் வீட்டுக்குள், எல்லோரும் வீடியோ காலில். நாள் முழுக்க சொந்த முகத்தையே கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஸ்கிரீனைப் பார்த்துத்தான் முகம் கெட்டுப்போனது என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் தயாராக இருந்தது. வெளியே போகாதவருக்கும் ‘பாதுகாப்பு’ கிரீம் விற்க இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

டப்பாவில் இருக்கும் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதும் பிரச்னைதான். எஸ்பிஎஃப் என்பது பெரும்பாலும் யூவி-பி கதிர் தோலைச் சிவக்க வைப்பதை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு. பிஏ பக்கத்தில் வரும் + குறிகள் யூவி-ஏ கதிருக்கு. இரண்டுமே நீல ஒளியை அளப்பது இல்லை. எஸ்பிஎஃப் 50 போட்டாலும், பூசியதே தெரியாத சாதாரண சன்ஸ்கிரீன் என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளி அதற்குள் சுலபமாகப் புகுந்து போகும். யோசித்தால் எளிது. பூசிய பிறகும் தோல் அப்படியே தெரிகிறது என்றால், ஒளி உள்ளே போய்த் திரும்பி வருகிறது என்றுதானே அர்த்தம்!

தவறாக வழிநடத்தும் வாசகங்கள் கூடாது என்று இந்தியாவின் 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளும் சொல்கின்றன. ஆனால் ‘ப்ளூ லைட் ஷீல்டு’ என்பது போன்ற வார்த்தை காதுக்கு அறிவியல் மாதிரி கேட்கும். கடையில் நிற்பவர் அதை எதை வைத்துச் சோதிப்பார்?

அப்போ மங்கு உள்ளவர்கள் என்ன செய்வது?

போனைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு வெயில் பக்கம் திரும்ப வேண்டும். நீல ஒளியை நிஜமாகவே தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. இரும்பு ஆக்சைடு. செம்மண்ணுக்கு நிறம் தருவதும் இதே குடும்பம்தான். தோல் நிறத்தில் வரும் ‘டின்டட் சன்ஸ்கிரீன்’, ஃபவுண்டேஷன், காம்பாக்ட் பவுடர் ஆகியவற்றில் நிறத்துக்காக இதைச் சேர்ப்பார்கள். மங்கு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளில், யூவியை மட்டும் தடுக்கும் சன்ஸ்கிரீனைவிட இரும்பு ஆக்சைடும் சேர்ந்தது நல்ல பலன் தந்திருக்கிறது.

வாங்கும்போது முன்பக்கம் எழுதியிருப்பதை விட்டுவிட்டு டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் ‘அயர்ன் ஆக்சைட்ஸ்’ அல்லது சிஐ 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கிறதா? இருந்தால் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. ‘ப்ளூ லைட்’ என்று எழுதாத டப்பாவிலும் இந்த எண்கள் இருக்கலாம். ஒரு சிக்கல், டின்டட் சன்ஸ்கிரீனில் பல வெளிர் நிறத்துக்குத் தகுந்த மாதிரியே வருகின்றன. கருநிற முகத்தில் சாம்பல் பூசியது போல ஆகிவிடும். கையில் தடவி, நிறம் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பூச வேண்டும். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும்.

பணம் செலவழிக்காத வழியும் இருக்கிறது. ஸ்கூட்டியில் போகிற பெண்கள் முகத்தைச் சுற்றித் துப்பட்டா கட்டுகிறார்களே, அது சரியான பாதுகாப்புதான். துணியை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் நீல ஒளியும் உள்ளே வரும். தெரியாத அளவுக்கு நெருக்கமான நெசவு என்றால் தடுத்துவிடும். குடைக்கும் இதே சோதனைதான். ஹெல்மெட்டின் தெளிவான கண்ணாடியும் பஸ் ஜன்னல் கண்ணாடியும் நீல ஒளியை நிறுத்தாது. ஆபீஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்கு, ஸ்கிரீனைவிட ஜன்னலில் இருந்து வரும் வெளிச்சம்தான் பெரிய விஷயம். நிழலில் நின்றாலும் கொஞ்சம் உண்டு. வானம் நீலமாகத் தெரிவதே சூரிய ஒளியின் நீலப் பகுதி சிதறி எல்லாப் பக்கமும் வருவதால்தான்.

ராத்திரி போனை நைட் மோடில் வைப்பதால் தோலுக்குத் தனியாக லாபம் இல்லை. தூக்கம் வேறு கதை. படுக்கும் நேரத்தில் வரும் பிரகாசமான வெளிச்சம் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். தூங்காமல் விழித்தால் அடுத்த நாள் முகம் சோர்ந்துதான் தெரியும். அதற்கு மருந்து சீரம் கிடையாது, போனை ஓரமாக வைப்பதுதான்.

கடைசியாக, நீல ஒளியைவிட அவசரமாகப் பேச வேண்டிய ஒன்று. மங்கு போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மெடிக்கல் ஷாப்பில் டியூப் வாங்கிப் பூசுகிறவர்கள் நிறைய. இப்படி விற்கும் சிவப்பழகு கலவைகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, வெயிலில் நிற்கவே முடியாத நிலை வரும், நிறுத்தினால் எரியும். இதனால்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ‘ஷெட்யூல் ஹெச்’ பட்டியலில் கொண்டுவந்தது. ஏற்கெனவே அப்படி ஒரு டியூப் பூசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்த வேண்டாம். டியூப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.