பழைய மிதிவண்டியும் தூளான எலும்பும்

பழைய மிதிவண்டிகளைத் துடைத்துப் பேணுவதும், டைனோசர் படங்களைச் சேர்ப்பதும், ராக்கெட் ஏவப்படும் நாள்களைக் குறித்து வைப்பதும் படிக்கும் பிள்ளைக்கு வேண்டாதவை என்று பெரியோர் சிலர் கருதுகின்றனர். தேர்வு நெருங்கும் வாரத்தில் அக்கருத்து நியாயமானதே. ஆயினும், அந்த ஆர்வத்தையே வீண் என்று ஒதுக்குவது பொருந்தாது.

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், கேரளத்தின் தும்பாவிலிருந்து அமெரிக்கா வழங்கிய ஆய்வு ராக்கெட் ஒன்று ஏவப்பட்டது. இந்திய மண்ணிலிருந்து விண்ணை நோக்கிச் சென்ற முதல் ராக்கெட் அதுவே. காந்த நடுக்கோடு அருகே செல்வதால் அம்மீனவர் ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்த மாதா கோவிலே அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் கூம்பு முனையை மிதிவண்டியின் பின்புறம் வைத்துத் தள்ளிச் செல்லும் அக்காலத்து ஒளிப்படம் மிகவும் புகழ்பெற்றது. அதனை நாட்டின் வறுமைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அது பாதி உண்மையே. கையிலிருக்கும் கருவியைக் கொண்டு வேலையை முடிக்கத் தெரிந்தவர்கள் அங்கு இருந்தனர் என்பதையும் அப்படம் காட்டுகிறது.

பழைய மிதிவண்டியில் மறைவு எதுவும் இல்லை. அம்பத்தூரில் செய்யப்பட்ட பழைய ஹெர்குலிஸ் வண்டி ஒன்றைப் பார்த்தாலே இது விளங்கும். கைப்பிடியின் கீழுள்ள பிரேக்கை இழுத்தால் இரும்புக் கம்பிகள் மேலேறும். பிரேக் கட்டைகள் சக்கர வளையத்தின் உட்புறத்தை அழுத்தும். டைனமோவின் தலை டயரில் உரசிச் சுழல, விளக்கு எரியும். எது எதனை இயக்குகிறது என்பதைக் கண்ணால் தொடர்ந்து செல்லலாம். கழற்றியதைத் திரும்பப் பூட்டும்போது ஒரு திருகு மிஞ்சினால், எங்கோ பிழை நேர்ந்துள்ளது!

இவ்வாறு பொருத்திப் பார்க்கும் பழக்கமே டைனோசர் ஆய்வுக்கும் அடிப்படை. அரியலூர்ப் பகுதியில் கிடைத்த பேருருவ டைனோசர் ஒன்றுக்கு, யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலவியலாளர் இருவர் 1987இல் ‘புருகத்காயோசாரஸ்’ எனப் பெயரிட்டனர். அதன் கால் எலும்பு ஒன்றே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். சுமார் 7 கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த அந்த எலும்புகள், வெளியே எடுத்தபின் நொறுங்கித் தூளாகிவிட்டன. வரைபடங்களும் ஒளிப்படங்களுமே எஞ்சின. அவை எலும்புகளே அல்ல, கல்லாக மாறிய மரம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. பொருள் கையில் இருந்திருந்தால் அந்த வாதம் எழுந்திராது. நொய்ந்த எலும்பைக் காப்பது எளிதன்று என்பது உண்மைதான். எனினும் இழப்பு இழப்பே.

கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலோ, கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த பாராபாசாரஸின் எலும்புக்கூடு நிமிர்ந்து நிற்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகளின் எலும்புகளைப் பொறுக்கி, இனம் பிரித்து, உரிய இடத்தில் பொருத்தி அதனை நிறுத்தினர். மிதிவண்டியைக் கழற்றிப் பூட்டிப் பழகிய பிள்ளை அதன் முன் சென்று நின்றால், முதலில் மூட்டுகளைத்தான் உற்றுப் பார்க்கும்.